பழசைச் சேர்க்கிறது ஈஸி, யாரோடதுன்னு எழுதி வைக்கிறதுதான் வேலை

உள்ளூர் வரலாற்றுக் குழுவுல இருக்கேன்னு சொன்னா போதும், எல்லாரும் கேக்குற மொத கேள்வி "உங்ககிட்ட இருக்கிறதுலயே ரொம்பப் பழசு எது"ங்கிறதுதான். எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது. எங்க அலமாரில ஒரு பித்தளை மணி இருக்கு, பாத்தாலே தெரியும் நல்ல பழசுன்னு, ஆனா யாரு குடுத்தாங்க, எங்க தொங்குச்சு, யாரு எதுக்காக அடிச்சாங்க, ஒண்ணுமே தெரியாது. குழு ஆரம்பிச்ச காலத்துல யாரோ கொண்டுவந்து வெச்சிட்டுப் போனது. அப்போ அது என்ன? எடைக்குப் போட்டா காசு கிடைக்கிற பித்தளை, அவ்வளவுதான். அதே அலமாரில கீழ்த்தட்டுல அட்டை கிழிஞ்ச ஒரு நோட்டு இருக்கு, ஒரு சின்ன பட்டறைல வேலைக்கு வந்தவங்க பேரு, வந்த நேரம், யாருக்கு எவ்ளோ அட்வான்ஸ் போச்சு, ஓரத்துல "மழை, ஆள் வரவில்லை"ன்னு பென்சில்ல கிறுக்கல். அதுல ரெண்டு விதமான கையெழுத்து இருக்கு. ஒண்ணு முதலாளியோடது, இன்னொண்ணு அவர் படிக்க வெச்ச வேலைக்காரப் பையனோடதுன்னு அந்த வீட்டுப் பொண்ணு வந்து சொன்னாங்க, நாங்க எழுதிக்கிட்டோம். மணியை விட அந்த நோட்டுதான் எங்களுக்கு சொத்து.

நான் சொல்ல வர்றது இதுதான். பொருள் நிதானமாத்தான் அழியும், அதைப் பத்தித் தெரிஞ்ச ஆள் அதுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடுவாங்க. பேப்பரை காப்பாத்த ஆயிரம் வழி இருக்கு, ஆனா "இது எங்க அத்தை, இந்த இடத்துல நின்னு எடுத்தது"ன்னு சொல்ற ஆளு போயிட்டா அந்த போட்டோவை எந்த லேப்லயும் குடுத்து சரிபண்ண முடியாது. அதனால வரலாற்றுக் குழுவோட மொத வேலை சேர்க்கிறது இல்ல, எழுதுறது. இதைச் சொன்னா புதுசா வர்ற பசங்களுக்கு சப்புன்னு ஆயிடும், எல்லாரும் பரண்ல ஏறி புதையல் எடுக்கலாம்னு வர்றாங்க, நாங்க ரெஜிஸ்டரைக் கையில குடுக்கிறோம்.

ரெஜிஸ்டர்னா பெருசா ஒண்ணும் இல்லைங்க. மியூசியம்காரங்க ஆக்சஷன் நம்பர்னு ஒண்ணு போடுவாங்க, எல்லா பொருளுக்கும் ஒரு நம்பர், அது வேற எதுக்கும் வராது. பொதுவா மூணு பகுதியா இருக்கும், வந்த வருஷம், அந்த வருஷத்துல எத்தனாவது ஆள் குடுத்தது, அவர் குடுத்ததுல எத்தனாவது பொருள். 2024.7.3ன்னா 2024ல ஏழாவதா வந்தவர் குடுத்ததுல மூணாவது. இதோட அழகு என்னன்னா ஒருத்தர் குடுத்ததெல்லாம் நம்பர்லயே ஒண்ணா நிக்கும், போட்டோ ஒரு அலமாரிக்கும் லெட்டர் இன்னொரு அலமாரிக்கும் போனாலும் இது ரெண்டும் ஒரே வீட்டுலேர்ந்து வந்ததுன்னு தெரியும். பிரான்ஸ்ல 1841லயே அரசாங்க ஆவணக் காப்பகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டாங்க, ஒரு அலுவலகத்துலேர்ந்தோ ஒரு குடும்பத்துலேர்ந்தோ வந்த காகிதங்களைப் பிரிச்சு மத்ததோட கலக்காதீங்கன்னு. இன்னிக்கு வரைக்கும் ஆவணக் காப்பக வேலைக்கு அதுதான் அஸ்திவாரம். ஆனா நம்ம ஆளுங்களுக்குக் கை சும்மா இருக்காது, ஒரு டிரங்குப் பெட்டி வந்தா உடனே எல்லாத்தையும் கொட்டி, கல்யாண போட்டோ ஒரு பக்கம், ரசீது ஒரு பக்கம், லெட்டர் ஒரு பக்கம்னு அழகா அடுக்கிடுவாங்க. அந்த ரசீது எந்த லெட்டருக்குள்ள மடிச்சு வெச்சிருந்ததோ அந்த சங்கதி அதோட போச்சு. பெட்டியைத் திறந்ததும் மொதல்ல மேலேர்ந்து ஒரு போட்டோ எடுங்க, அப்புறம் எது மேல எது இருந்துச்சுன்னு குறிச்சுக்கிட்டே எடுங்க, அடுக்குறதை அப்புறம் பாத்துக்கலாம்.

இப்போ எங்க குழுவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலையைப் பத்தி சொல்றேன். குரூப் போட்டோவுக்கு ஆள் கண்டுபிடிக்கிறது. ஒரு ஃபேக்டரி வாசல்ல மூணு வரிசையா ஆளுங்க நிக்கிற பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ, பின்னாடி ஒரு எழுத்து கிடையாது. நாங்க என்ன பண்ணுவோம்னா ஒரிஜினலை வெளிய எடுக்கவே மாட்டோம், ஸ்கேன் பண்ணி பெரிய பேப்பர்ல பிரிண்ட் போட்டு ஒவ்வொரு மூஞ்சி மேலயும் ஒரு நம்பர் எழுதிடுவோம், அதை எடுத்துக்கிட்டு வயசானவங்க வீட்டுக்குப் போயி பக்கத்துல உக்காந்துக்குவோம். மொத அஞ்சு நிமிஷம் "யாரையும் தெரியலையேப்பா, கண்ணே சரியா தெரியல"தான் வரும். விட்டுடணும். பேசாம இருக்கணும், இதுதான் கஷ்டம், நம்ம பசங்க உடனே "இவரு உங்க வீட்டுக்காரரா பாட்டி"ன்னு எடுத்துக் குடுப்பாங்க, அவங்களும் பாவம் ஆமான்னுடுவாங்க. பேசாம இருந்தீங்கன்னா விரல் தானா நகரும். அந்த போட்டோவுல பதினோராம் நம்பர் ஆளைப் பாத்துட்டு ஒரு பாட்டி சொன்னாங்க, "இவன் போட்டிருக்கிற சட்டை இவனோடது இல்ல, என் தம்பியோடது, போட்டோ எடுக்கிறாங்கன்னு காலைல வாங்கிட்டுப் போனான், திருப்பியே தரல". மூஞ்சியை வெச்சு இல்ல, சட்டையை வெச்சு கண்டுபிடிச்சிருக்காங்க! அந்த சட்டையிலேர்ந்து அவன் பேரு வந்துச்சு, அவன் தங்கியிருந்த வரிசை வீடு வந்துச்சு, ஸ்ட்ரைக் வந்துச்சு, யாருக்கு வேலை போச்சு யாருக்குப் போகலைங்கிற பழைய கோபம் எல்லாம் வந்துச்சு.

அடுத்த தெருவுல இன்னொரு பெரியவரு, அதே பதினோராம் நம்பரைப் பாத்துட்டு வேற பேரு சொல்றாரு, அடிச்சு சொல்றாரு, சண்டைக்கே வந்துட்டாரு. இப்போ எதை எழுதுறது? ரெண்டையும் எழுதணும். யாரு சொன்னா, எப்போ சொன்னா, எப்படித் தெரியும்னு சொன்னாங்க, எல்லாத்தோடயும். தீர்ப்பு சொல்றது நம்ம வேலை இல்லைங்க, பின்னாடி வர்ற யாரோ இன்னொரு போட்டோ கொண்டுவருவாங்க, அப்போ தானா தெரிஞ்சுடும்.

ஞாபகம் தப்பும்ங்கிறதுக்காக வாய்மொழி வரலாறே வேண்டாம்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, "எழுத்துல ஆதாரம் இருக்கா"ன்னு கேப்பாங்க. அவங்களுக்கு நான் எப்பவும் இத்தாலிக் கதையைத்தான் சொல்லுவேன். டெர்னின்னு ஒரு இரும்பாலை நகரம், அங்க லூயிஜி டிரஸ்துல்லின்னு இருபத்தொரு வயசுத் தொழிலாளியை 1949 மார்ச்ல நேட்டோ ஒப்பந்தத்துக்கு எதிரா நடந்த ஊர்வலத்துல போலீஸ் கொன்னுட்டாங்க. இது பதிவாகியிருக்கிற விஷயம். ஆனா அலெஸாந்த்ரோ போர்டெல்லிங்கிற ஆய்வாளர் பின்னாடி போயி ஊர்க்காரங்ககிட்ட கேட்டா, நிறைய பேரு அவன் செத்தது 1953ல, ஆலையில ஆயிரக்கணக்குல ஆளைத் தூக்கினப்போ நடந்த தெருச் சண்டையிலன்னு சொல்றாங்க. ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல, பல பேரு. தேதி தப்புதான். ஆனா ஏன் எல்லாரும் ஒரே மாதிரி தப்பா சொல்றாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. நேட்டோ ஊர்வலத்துல ஒருத்தன் செத்தான்ங்கிறதை அவங்களால ஜீரணிக்க முடியல, வேலை போன போராட்டத்துல செத்தான்னாதான் அந்த சாவுக்கு அர்த்தம் இருக்குன்னு மனசு அதை நாலு வருஷம் தள்ளி வெச்சிடுச்சு. எழுத்து ஆதாரத்துல தேதி கிடைக்கும், அந்தத் தேதி ஜனங்களை என்ன பண்ணிச்சுங்கிறது இப்படி வாய் வார்த்தைலதான் கிடைக்கும். ரெண்டும் வேணும், ஒண்ணை வெச்சு இன்னொண்ணை அடிக்கக் கூடாது.

ரெக்கார்டிங் பத்தி ஒண்ணு. அமெரிக்காவுல கொலம்பியா யுனிவர்சிட்டில 1948ல ஆலன் நெவின்ஸ்ங்கிற வரலாற்று ஆசிரியர் வாய்மொழி வரலாற்றுக்குன்னே ஒரு ஆபீஸ் ஆரம்பிச்சாரு, உலகத்துக்கே முன்னோடி, ஆனா ஆரம்ப காலத்துல அங்க டைப் அடிச்சு முடிச்சதும் டேப்பை அழிச்சு திரும்ப யூஸ் பண்ணிட்டாங்க. எழுத்து போதும்னு நினைச்சிருக்காங்க. குரலுக்குள்ள எவ்ளோ இருக்குன்னு இன்னிக்கு நமக்குத் தெரியும், ஒரு கேள்விக்கு அப்புறம் வர்ற நீளமான மௌனத்தை எப்படி டைப் அடிப்பீங்க? அதனால ஆடியோவைத் தூக்கிப் போடாதீங்க, மொபைல்ல எடுத்தாலும் பரவாயில்ல, முடிஞ்சா சுருக்காத வேவ் ஃபைலா எடுங்க, ஃபேனை நிறுத்துங்க, மொபைலை ஃபிளைட் மோடுல போடுங்க, ஆரம்பிக்கும்போதே இன்னிக்கு என்ன தேதி, யாரு பேசுறாங்க, யாரு கேக்குறாங்கன்னு வாயால சொல்லி ரெக்கார்ட் பண்ணிடுங்க. ஃபைல் பேரு மாறினாலும் உள்ள குரல்ல தகவல் இருக்கும். அப்புறம் அனுமதி. பேசி முடிச்சப்புறம் "இதை எல்லாரும் கேக்கலாமா, உங்க காலத்துக்கு அப்புறம் கேக்கலாமா, இந்த இடத்தை மட்டும் எடுத்துடணுமா"ன்னு கேட்டு கையெழுத்து வாங்கிடுங்க. சிலது சொல்லும்போது வேகத்துல சொல்லிடுவாங்க, மறுநாள் தூக்கம் வராது அவங்களுக்கு.

இப்போ நம்மாளுங்க பாசத்துல பண்ற கொலைகளைப் பத்தி சொல்லியே ஆகணும், இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. நம்பர் ஒன் லேமினேஷன். பழைய சர்டிஃபிகேட், தாத்தா எழுதின லெட்டர், எது கிடைச்சாலும் ஓடிப்போயி லேமினேட் பண்ணிட்டு வந்து "பத்திரமா இருக்கு"ன்னு காட்டுவாங்க. சூடு குடுத்து பசையால ஒட்டினதை யாராலயும் திரும்பப் பிரிக்க முடியாது, பேப்பருக்குள்ள இருக்கிற அமிலம் உள்ளயே இருந்து அதைத் தின்னும், நாம வெளிய இருந்து பளபளன்னு பாத்துட்டு இருக்கலாம். எந்த ரிப்பேரா இருந்தாலும் பின்னாடி ஒருத்தர் அதைக் கழட்டுற மாதிரி இருக்கணும், இதான் கன்சர்வேஷன் பண்றவங்களோட மொத விதி. ரெண்டாவது செல்லோ டேப், கொஞ்ச வருஷத்துல டேப் உதிர்ந்துடும், பசை மட்டும் பிரவுன் கறையா பேப்பருக்குள்ள இறங்கிடும். அப்புறம் ரப்பர் பேண்ட், உருகி ஒட்டிக்கும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், துரு. எண்பதுகள்ல எல்லார் வீட்டுலயும் இருந்துச்சே, பக்கமே பசையா இருக்கும், மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்து ஒட்டுற ஆல்பம், அது ஒரு சனியன், போட்டோ அதுல ஒட்டிக்கிட்டு வராது. இழுக்காதீங்க. பல் இடுக்குல விடுற ஃபிளாஸ் நூலை போட்டோவுக்குப் பின்னாடி விட்டு ரம்பம் மாதிரி மெதுவா அறுத்துக்கிட்டே போனா பல நேரம் வந்துடும். வரலைன்னா விட்டுட்டு அந்தப் பக்கத்தையே ஸ்கேன் பண்ணிடுங்க.

கவர் வாங்குறப்போ பி.வி.சி. வேண்டாம், புது ரெக்ஸின் நாத்தம் அடிக்கும் பாருங்க அதான், அந்த நாத்தமே போட்டோவுக்கு விஷம். பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் ஓகே, இல்லாட்டி அமிலம் இல்லாத பேப்பர் கவர். போட்டோ பின்னாடி பால்பாயிண்ட் பேனால அழுத்தி எழுதினா முன்னாடி மூஞ்சில கோடு விழும், மை வேற ஊறும், மெல்லிசா பென்சில்ல எழுதுங்க, வழவழ பேப்பர்னா பென்சில் பிடிக்காது, அப்போ கவர் மேல எழுதிட்டு உள்ள போடுங்க, எழுதி முடிச்சிட்டு உள்ள போடணும், போட்டுட்டு எழுதக் கூடாது. அட, இன்னொண்ணு, படத்துல காட்டுற மாதிரி வெள்ளைத் துணி கிளவுஸ் மாட்டிக்கிட்டு பழைய பேப்பரைத் தொடுறதெல்லாம் ஸ்டைலுக்குத்தான், கிளவுஸ் போட்டா விரல்ல உணர்ச்சி போயி பேப்பரைக் கிழிச்சிடுவோம். கையை நல்லா கழுவி துடைச்சிட்டுத் தொட்டா போதும். போட்டோ, நெகட்டிவ், உலோகத்துக்கு மட்டும் நைட்ரைல்னு சொல்ற மெல்லிசான ரப்பர் கிளவுஸ்.

எங்க வைக்கிறதுன்னு கேட்டா, மனுஷன் நிம்மதியா உக்கார்ற ரூம்தான் பேப்பருக்கும் நல்லது. பரண் வேண்டாம், சூடு. தரைத்தளத்துல தரையோட தரையா வேண்டாம். காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டிட்டா பூஞ்சைக்குக் கொண்டாட்டம், ஈரம் பாக்குற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி அலமாரிக்குள்ள வெச்சிடுங்க. 1966 நவம்பர் 4ஆம் தேதி இத்தாலில ஃபிளாரன்ஸ்ல ஆர்னோ ஆத்துல வெள்ளம் வந்தப்போ அங்க இருந்த தேசிய நூலகத்தோட கீழ்த்தளத்துல இருந்த புத்தகமெல்லாம் சேத்துக்குள்ள போயிடுச்சு, உலகம் முழுக்க இருந்து இளவட்டங்க வந்து வரிசையா நின்னு கைமாத்தி கைமாத்தி வெளிய எடுத்தாங்க, சேத்து தேவதைகள்னு பேரே வந்துச்சு அவங்களுக்கு. இன்னிக்கு இருக்கிற பேப்பர் பாதுகாப்பு முறைகள் நிறைய அந்த வெள்ளத்துல கத்துக்கிட்டதுதான். நமக்கு அவ்ளோ பேரு வரமாட்டாங்க, அதனால கீழ்த்தட்டை தரையிலேர்ந்து அரை அடியாவது தூக்கி வெச்சிடறது நல்லது. அப்படியும் நனைஞ்சா ரெண்டு நாளுக்குள்ள பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிடும், காய வைக்க முடியாத அளவு இருந்தா பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல வெச்சிட்டு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் காய வைக்கலாம்.

கேசட் விஷயத்துலதான் எனக்கு உண்மையான பயம். பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்தது 1963ல, அதுக்கப்புறம் ஒரு தலைமுறையோட குரல் மொத்தமும் அதுலதான் இருக்கு, கல்யாணம், மேடைப் பேச்சு, வெளிநாட்டுலேர்ந்து லெட்டருக்குப் பதிலா பேசி அனுப்பினது. யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பகங்களோட சர்வதேச சங்கமும் 2019லயே எச்சரிக்கை விட்டாங்க, 2025 வாக்குல டேப்பை ஓட்டுற மெஷின், ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கிறதே குதிரைக்கொம்பு ஆயிடும்னு. வீடியோ கேசட் ஓட்டுற வி.சி.ஆர். மெஷின் தயாரிச்சிட்டிருந்த கடைசி கம்பெனி ஃபுனாய், அவங்களும் 2016 ஜூலையோட நிறுத்திட்டாங்க. டேப் நல்லாத்தான் இருக்கும், ஓட்ட மெஷின் இருக்காது. அதனால வரிசைல பேப்பரை விட கேசட்டை முன்னாடி வைங்க. கேசட் கைக்கு வந்ததும் மொத வேலை, மேல் விளிம்புல ரெண்டு சின்ன பிளாஸ்டிக் தாழ் இருக்கும் பாருங்க, அதை உடைச்சு விட்டுடணும், உடைச்சிட்டா அது மேல யாரும் தெரியாத்தனமா ரெக்கார்ட் பண்ண முடியாது. ஃபிலிம் சுருள் இருந்து அதுல வினிகர் வாசனை வந்தா அது அழிய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம், மத்த ஃபிலிம் பக்கத்துல வைக்காதீங்க, அதோட ஆவி பட்டு மத்ததும் கெடும்.

ஸ்கேன் பண்ணிட்டோம்ல, அப்புறம் என்ன கவலைன்னு கேப்பாங்க. எங்க வெச்சிருக்கீங்கன்னு கேட்டா ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கு, செயலாளர் வீட்டு பீரோல. மூணு காப்பி, ரெண்டு வெவ்வேற வகை மீடியால, அதுல ஒண்ணு வேற இடத்துலன்னு டிஜிட்டல்காரங்க சொல்ற விதி இருக்கு, ஆனா இந்த யோசனை ஒண்ணும் புதுசு இல்லைங்க. 1791 பிப்ரவரில, பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆன தாமஸ் ஜெஃபர்சன், பழைய ஆவணங்களைச் சேர்த்துட்டிருந்த எபனேசர் ஹாசர்டுங்கிறவருக்கு எழுதின லெட்டர்ல சொல்றாரு, இருக்கிறதைக் காப்பாத்தணும்னா பூட்டுப் போட்டு ஜனங்க கண்ணுலேர்ந்து மறைச்சு வைக்கிறதால இல்ல, எந்த விபத்தும் தொட முடியாத அளவுக்கு பிரதிகளைப் பெருக்கிடணும்னு. நமக்கு இதைப் புரிய வைக்க ஜெஃபர்சன் எதுக்கு, யாழ்ப்பாணம் போதும். 1981ல அங்க இருந்த பொது நூலகத்தை எரிச்சப்போ சுமார் 97,000 புத்தகம், ஏட்டுச் சுவடிகள்னு போச்சு, வேற எங்கயுமே பிரதி இல்லாததும் அதுல இருந்துச்சு. மத்த புத்தகத்தைத் திரும்ப வாங்கலாம், பிரதியே இல்லாததை என்ன பண்றது? 2005லேர்ந்து "நூலகம்"ங்கிற திட்டத்துல ஈழத்து புத்தகம், பத்திரிகை, சின்னச் சின்ன மலர்கள்னு ஸ்கேன் பண்ணி எல்லாரும் இலவசமா படிக்கிற மாதிரி நெட்ல போட்டுட்டு வர்றாங்க பாருங்க, ஜெஃபர்சன் சொன்னதை நிஜமாவே செய்யறது அதுதான். இனிமே ஒரு கட்டடத்தை எரிச்சா எல்லாம் போயிடாது.

அதே ஹாசர்டுக்கு இன்னொரு லெட்டரும் வந்துச்சு, ஜெரமி பெல்க்நாப் எழுதினது. பாஸ்டன்ல 1791ல மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தை ஆரம்பிச்சவர், அமெரிக்காவுலயே பழைய வரலாற்றுக் கழகம் அதுதான். அவர் சொல்றாரு, வீட்டுல உக்காந்துக்கிட்டு மடில வந்து விழும்னு காத்திருந்தா ஆகாது, இரை தேடுற ஓநாய் மாதிரி சுத்தணும்னு. இது எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா காத்திருந்தா வர்றது யாரு வீட்டுப் பொருள்? மாடி வீடு, அலமாரி, ஃபிரேம் போட்ட போட்டோ வெச்சிருக்கிறவங்க வீட்டுது. அவங்கதான் "எங்க தாத்தா ஒரு பெரிய மனுஷன்"னு கொண்டுவருவாங்க. வாடகை வீடு மாறி மாறிப் போனவங்ககிட்ட பெட்டி இருக்காது, போட்டோவே ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், அதைக் குடுக்க மனசும் வராது. அதனால சும்மா இருக்கிற வரலாற்றுக் குழு எல்லாம் கடைசில நாலு குடும்பத்தோட வரலாற்றுக் குழுவா ஆயிடும். போகணும். போயி, பொருள் வேண்டாம் பாட்டி, ஒரு காப்பி எடுத்துட்டு இங்கயே திருப்பிக் குடுத்துடறோம்னு சொல்லணும். போர்ட்டபிள் ஸ்கேனரைத் தூக்கிட்டுப் போனா வாசல் திண்ணைலயே வேலை முடிஞ்சிடும்.

பொருளே இல்லாதவங்களுக்கும் மியூசியம் இருக்க முடியும்ங்கிறதுக்கு தென்னாப்பிரிக்கால கேப் டவுன்ல இருக்கிற டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மியூசியத்தைப் பாருங்க. 1966ல அந்த ஏரியா வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு நிறவெறி அரசாங்கம் அறிவிச்சு, அறுபதாயிரத்துக்கும் மேல ஜனங்களைக் காலி பண்ணி வீடுகளை புல்டோசர் விட்டுத் தள்ளிட்டாங்க. 1994ல ஒரு பழைய சர்ச்சுல மியூசியம் ஆரம்பிச்சாங்க, நடுவுல தரை முழுக்க அந்தப் பகுதியோட பெரிய மேப். அங்க இருந்தவங்க வந்து மேப் மேல குனிஞ்சு எங்க வீடு இங்க இருந்துச்சு, இங்க கடைன்னு அவங்க கையாலயே எழுதினாங்க. தெருப் பேரு எழுதின பழைய போர்டுங்களும் அங்க தொங்குது, அதெல்லாம் எங்க கிடைச்சுதுன்னா இடிக்கிற வேலைல இருந்த ஒருத்தர் தூக்கிப் போட மனசு வராம அத்தனை வருஷமும் எடுத்து வெச்சிருந்தாராம். பாருங்க, இடிச்சவர்கிட்டயும் போயிக் கேக்கணும்.

எது குப்பை எது பொக்கிஷம்ங்கிற கேள்வி வரும்போதெல்லாம் நான் ரோஜா முத்தையாவைத்தான் நினைச்சுக்குவேன். கோட்டையூர்ல தனி மனுஷனா புத்தகத்தோட புத்தகமா சினிமா பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ்னு மத்தவங்க படிச்சிட்டு வீசுறதையும் சேர்த்து வெச்சாரு, அவர் காலத்துக்கு அப்புறம் சிகாகோ யுனிவர்சிட்டி வாங்கி, 1994ல அது சென்னைலயே ஒரு ஆராய்ச்சி நூலகமா ஆச்சு. அந்தக் காலத்துல யாராவது "இந்தப் பாட்டுப் புத்தகம் எல்லாம் எதுக்கு"ன்னு கேட்டிருப்பாங்களா மாட்டாங்களா!

ஆனா அதுக்காக வர்றதெல்லாம் வாங்கிடக் கூடாது, இது எங்க குழுவுக்குள்ளயே பெரிய சண்டை. எதை வாங்குவோம் எதை வாங்க மாட்டோம்னு ஒரு பக்கத்துக்கு எழுதி வெச்சிடறது உத்தமம், அப்போதான் ஒருத்தர் அஞ்சாவது தையல் மெஷினைத் தூக்கிட்டு வந்து நிக்கும்போது மூஞ்சியைப் பாத்து சொல்லலாம், நாலு இருக்குங்க, ஆனா உங்க அம்மா இதுல தைச்சு குடும்பம் நடத்தின கதையை உக்காந்து சொல்லுங்க, ரெக்கார்ட் பண்ணிக்கிறோம்னு. மெஷின் வீட்டுக்குப் போகும், கதை நம்மகிட்ட இருக்கும். குடுக்கிறவங்ககிட்ட ஒரு பக்கப் பத்திரம், குடுத்தது குடுத்ததுதான், குழு இதைக் காட்டலாம், காப்பி எடுக்கலாம், தேவையில்லைன்னா வேற இடத்துக்குக் குடுக்கலாம்னு கையெழுத்து. "இப்போதைக்கு உங்ககிட்ட இருக்கட்டும்"னு வெச்சிட்டுப் போற பொருள்தான் பெரிய தலைவலி, பத்து வருஷம் கழிச்சு மருமகன் வருவாரு எங்கேன்னு கேட்டு. லெட்டர்ல இன்னொரு சிக்கல் இருக்கு, பேப்பர் வந்து வாங்கினவரோடது, ஆனா அதுல இருக்கிற எழுத்தோட காப்புரிமை எழுதினவரோடது. அதனால தாத்தா கைல இருந்த லெட்டரை நமக்குக் குடுத்துட்டாங்கன்னு உடனே நெட்ல ஏத்திட முடியாது, அதுலயும் உயிரோட இருக்கிற யாரோட வியாதியோ கடனோ இருந்தா அந்தப் பக்கத்தை மூடி வைக்கிறதுதான் மரியாதை.

இவ்ளோ பேசிட்டு, யாருமே பேசாத ஒண்ணு இருக்கு, குழுவே கலைஞ்சு போனா? நடக்கும்ங்க. தலைவருக்கு வயசாகும், செயலாளர் வேற ஊருக்குப் போவாரு, வாடகை ரூமைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. ஜனங்க நம்பிக் குடுத்ததெல்லாம் எங்க போகும்? அதனால சட்டதிட்டத்துலயே எழுதிடணும், குழு மூடினா பொருளெல்லாம் இந்த நூலகத்துக்கு இல்லாட்டி இந்த மியூசியத்துக்குப் போகும்னு, அவங்ககிட்டயும் இப்பவே பேசி வெச்சிடணும், அந்த நேரத்துல போயி நின்னா யாரும் வாங்க மாட்டாங்க. ரெஜிஸ்டர்ல ஒரு பிரிண்ட் காப்பி அவங்ககிட்ட வருஷா வருஷம் குடுத்துடணும். கிளவுட் அக்கவுண்ட் பாஸ்வேர்ட் ஒரே ஒருத்தர் தலைக்குள்ள மட்டும் இருக்கக் கூடாது, அவரோட சொந்த ஈமெயில்ல ஓப்பன் பண்ணியிருந்தா இன்னிக்கே மாத்திடுங்க, வெப்சைட்டுக்கு பணம் கட்டுற கார்டு யாரோடதுன்னும் பாத்துக்கோங்க. எங்க அடுத்த கூட்டத்துல இதைத்தான் மொத விஷயமா எடுக்கிறோம், போன கூட்டத்துலயே எடுத்திருக்க வேண்டியது, பேனர்ல யார் பேரு மேல வரணும்ங்கிறதுலயே நேரம் போயிடுச்சு.